ஜூன் மாதத்தில் வர வேண்டிய பணம்

முப்பத்தோரு ஆண்டுகள் கருவூலத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பள்ளிக்கூடங்களை நெடுங்காலம் நான் அறிந்திருந்தது அவற்றின் பட்டியல்கள் வழியாகத்தான். செலவுக்குப் பணம் கேட்டு அலுவலர் கையொப்பமிட்டு அனுப்பும் படிவத்தைக் கருவூலத்தில் பட்டியல் என்போம். ஆசிரியர்களின் சம்பளப் பட்டியல் மாதந்தோறும் உரிய நாளில் வந்து சேரும். கடைசி வேலைநாளில் பணம் வங்கிக்குப் போய்விடும். மழை வெள்ளத்திலும் தேர்தல் காலத்திலும்கூட நான் பணியாற்றிய இடங்களில் அந்த ஒழுங்கு குலைந்ததில்லை. மேசை நாற்காலி, ஆய்வகப் பொருள், நூலகப் புத்தகம், பயிற்சிச் செலவு ஆகியவற்றுக்கான பட்டியல்களுக்கோ வேறொரு பருவம் இருந்தது. அவை மார்ச் மாதத்தில் குவியும். நிதியாண்டு முடிவதற்குள் ஒதுக்கீட்டைச் செலவிட வேண்டும், இல்லையேல் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்பதால், 31ஆம் தேதி இரவு வெகுநேரம் வரை அமர்ந்து அவற்றைச் சரிபார்த்து அனுப்பியிருக்கிறேன். அந்தப் பணத்தில் வாங்கிய பொருள் பள்ளிக்குப் போய்ச் சேரும்போது ஆண்டுத் தேர்வு நெருங்கியிருக்கும் என்று அப்போது நான் எண்ணிப் பார்த்ததில்லை. செலவு எந்த வகையைச் சேர்ந்தது என்று காட்டும் கணக்குத் தலைப்பு சரியா, ஒதுக்கீட்டில் மீதம் இருக்கிறதா, கையொப்பம் பொருந்துகிறதா என்பவையே என் முன்னிருந்த கேள்விகள்.

ஓய்வுக்குப் பின் ஊர் திரும்பியதும், எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் கல்வி ஆர்வலர் என்ற இடத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். குழுவின் தலைவர் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் தாய். முதல் கூட்டத்தில், கழிப்பறைக் குழாய், சுற்றுச்சுவர், குடிநீர்த் தொட்டி என்று பேச்சு போய்க்கொண்டிருந்தபோது, அவர் என்னைப் பார்த்து, "ஐயா, நீங்க கணக்கு வழக்கு பார்த்தவங்க. அரசாங்கம் இவ்வளவு பணம் செலவழிக்குதுன்னு சொல்றாங்களே, எம் பொண்ணுக்கு ஏன் இன்னும் எழுத்துக்கூட்டி வாசிக்க வரலை?" என்று கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதிலைத் தேடிக் கடந்த சில ஆண்டுகளில் நான் படித்ததையும், எங்கள் பள்ளியில் கண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

அவர் கேட்டது பொருளற்ற கேள்வி அன்று. தமிழ்நாட்டின் வரவு செலவுத் திட்டத்தில் பள்ளிக் கல்வித் துறைக்கு 2018-19இல் ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 27,205 கோடி ரூபாய். 2025-26இல் அது 46,767 கோடி ரூபாய். விலைவாசி உயர்வைக் கழித்தாலும் இது சிறிய வளர்ச்சி அன்று. ஊரகப் பகுதிகளில் வீடு வீடாகச் சென்று குழந்தைகளின் வாசிப்பைச் சோதிக்கும் அசர் ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018இல் பத்தில் நால்வர். பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்துக்குப் பின், 2022இல், நால்வரில் ஒருவராகக் குறைந்தார்கள். 2024இல் மூவரில் ஒருவர் என்ற அளவைச் சற்றுத் தாண்டியிருக்கிறார்கள். மீட்சி உண்மையானது, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் ஐந்தாம் வகுப்பு வரை வந்துவிட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரு பத்தியைத் தங்குதடையின்றி வாசிக்க இயலாமல் ஆறாம் வகுப்புக்குப் போகிறார்கள் என்பது 2018இலும் உண்மை, இன்றும் உண்மை. ஒதுக்கீட்டின் கோடு ஒரு திசையிலும் வாசிப்பின் கோடு வேறொரு திசையிலும் ஏன் போகின்றன என்பதே என் வினா.

விடையைப் பள்ளிக்குள் உட்கார்ந்துதான் கண்டுகொள்ள முடிந்தது. எங்கள் பள்ளியில் 43 குழந்தைகள், இரண்டு ஆசிரியர்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும் என்கிறது. ஆகவே கணக்கின்படி எங்களுக்குப் பற்றாக்குறையே இல்லை. ஆனால் வகுப்புகள் ஐந்து. தலைமையாசிரியர் நான்காம், ஐந்தாம் வகுப்புகளைப் பார்க்க, மற்றோர் ஆசிரியை முதல் மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொள்கிறார். ஒருவர் பயிற்சிக்கோ, அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்கோ, மருத்துவ விடுப்பிலோ போனால், ஐந்து வகுப்புகளும் ஒருவரிடம். 2022 ஜூனில் தமிழ்நாடு அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை வகுப்பைக் கொண்டு பிரிக்காமல், அவர்கள் இப்போது எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதைக் கொண்டு அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கச் சொல்கிறது. அந்தச் சிந்தனை மிகச் சரியானது என்பது என் கருத்து. எழுத்தே அறியாத குழந்தைக்கு முழுப் பாடத்தைச் சொல்லிக்கொண்டு போவது, அடித்தளம் இல்லாத இடத்தில் சுவர் எழுப்புவது போன்றது. ஆனால் மூன்று வகுப்புகள், மூன்று நிலைகள், ஓர் ஆசிரியை என்னும்போது, அரும்பு நிலையில் இருக்கும் ஒரு சிறுமியின் அருகில் அமர்ந்து அவள் வாசிப்பதைக் காதுகொடுத்துக் கேட்க அவருக்கு ஒரு நாளில் எத்தனை நிமிடம் கிடைக்கும்? ஒரு வாரம் பின்வரிசையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவைத்தேன். சில குழந்தைகளுக்கு நான்கு நிமிடம் கிடைத்தது. சிலருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. ஆசிரியை அந்த வாரம் முழுவதும் உட்காரவே இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அந்தக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு யோசித்தபோது என் பழைய கணக்குத் தலைப்புகள் வேறு விதமாகத் தெரியத் தொடங்கின. ஊதியமோ கட்டடமோ விலையில்லாப் பொருளோ, எந்தச் செலவையும் ஒரே கேள்வியால் அளக்கலாம் என்று தோன்றியது: இந்தப் பணம், ஒரு குழந்தை இருக்கும் நிலைக்கு இறங்கிவந்து கற்றுத்தரும் பெரியவர் ஒருவரின் நேரமாக மாறுகிறதா? மாறுகிறதென்றால் கற்றல் உயர்கிறது; மாறவில்லையென்றால், அந்தச் செலவுக்கு வேறு நற்பயன் இருக்கலாம், வாசிப்பு அதனால் உயர்வதில்லை. பொருளியல் ஆய்வுகளைப் படிக்கப் படிக்க இந்த எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது.

இந்தோனேசியாவின் கதை இதில் முக்கியமானது. அந்நாடு 2005இல் இயற்றிய சட்டத்தின்படி, தகுதிச் சான்று பெற்ற ஆசிரியர்களுக்கு அடிப்படை ஊதியத்துக்கு இணையான படி வழங்கப்பட்டது. அதாவது அடிப்படை ஊதியம் இரட்டிப்பானது. பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும், சில பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு மட்டும் இந்த உயர்வைக் குலுக்கல் முறையில் முன்கூட்டியே கிடைக்கச் செய்து, மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டார்கள். ஆசிரியர்களின் மனநிறைவு கூடியது, இரண்டாவது வேலைக்குப் போவது குறைந்தது, பணக்கவலை தணிந்தது. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, அவர்களிடம் படித்த மாணவர்களின் கற்றலில் எந்த வேறுபாடும் இல்லை. இதை வைத்துக்கொண்டு ஆசிரியர்களுக்கு ஊதியம் கூடாது என்று பேசுவோரோடு நான் சேரமாட்டேன். நல்ல ஊதியம் நீண்ட காலத்தில் திறமையானவர்களை இப்பணிக்கு ஈர்க்கக்கூடும். அந்த ஆய்வு பார்த்தது ஏற்கெனவே பணியில் இருந்தவர்களை மட்டுமே. நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: வகுப்பறையின் நாள் எப்படிக் கழிகிறது என்பது மாறாதபோது, ஊதியம் மட்டும் மாறினால் பிள்ளையின் வாசிப்பு மாறுவதில்லை.

ஆந்திரப் பிரதேசத்தில் நடந்த இன்னோர் ஆய்வு என்னை வெகுநாள் சிந்திக்க வைத்தது. அரசுப் பள்ளிகளுக்கு நோட்டுப் புத்தகம், பயிற்சிப் பொருட்கள் முதலியவை வாங்கக் கூடுதல் மானியம் இரண்டு ஆண்டுகளுக்குத் தரப்பட்டது. முதல் ஆண்டில், பெற்றோர் எதிர்பாராமல் வந்த அந்த மானியம் மதிப்பெண்களை உயர்த்தியது. இரண்டாம் ஆண்டில், பள்ளியே தரும் என்று அறிந்த பெற்றோர் தாங்கள் வாங்கித் தருவதைக் குறைத்துக்கொண்டார்கள், குழந்தையின் கையில் இருந்த மொத்தப் பொருள் பெரிதும் கூடவில்லை, மதிப்பெண்ணும் கூடவில்லை. ஏழைக் குடும்பத்துக்கு அந்தப் பணம் மிச்சமானது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. நமது விலையில்லாப் பாடநூல்களும், பைகளும், காலணிகளும் இத்தகைய நன்மையைத் தருவதை எங்கள் ஊரிலேயே காண்கிறேன். அதை மக்கள்நலச் செலவு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். கற்றலை உயர்த்தும் செலவு என்ற கணக்கில் அதை எழுதிக்கொண்டால்தான், அந்தக் கணக்கில் உண்மையில் எவ்வளவு குறைவாகச் செலவிடுகிறோம் என்பது கண்ணில் படாமல் போகிறது.

எனக்கு மிகவும் நம்பிக்கை அளித்த சான்று வெகுதொலைவிலிருந்து வரவில்லை. தமிழ்நாட்டின் அங்கன்வாடிகளிலிருந்தே வந்தது. அங்கன்வாடிப் பணியாளர் ஒருவரே குழந்தைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்ல வேண்டும், எடை பார்க்க வேண்டும், சத்துமாவு வழங்க வேண்டும், பதிவேடுகளை நிரப்ப வேண்டும், கர்ப்பிணிகளின் வீட்டுக்கும் போய்வர வேண்டும். உதவியாளர் சமையலைப் பார்த்துக்கொள்வார். இந்த நிலையில், மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மையங்களில் முன்பருவக் கல்விக்கென்றே அரைநாள் பணியாளர் ஒருவர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். கட்டடம் மாறவில்லை, பாடத்திட்டம் மாறவில்லை. கற்பித்தலுக்குக் கிடைத்த நேரம் ஏறத்தாழ இருமடங்காயிற்று. பதினெட்டு மாதங்களுக்குப் பின் கணக்கிலும் மொழியிலும் அந்த மையங்களின் குழந்தைகள் மற்ற மையங்களின் குழந்தைகளைத் தெளிவாக முந்தியிருந்தார்கள். யாரும் எளிதில் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது: வயதுக்கேற்ற உயரமின்மையும் கடுமையான ஊட்டக்குறைவும் அந்த மையங்களில் குறைந்தன, ஏனெனில் பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்துப் பணிகளுக்கான நேரம் மிஞ்சியது. கூடுதலாக அமர்த்தப்பட்டவர்கள் அந்தந்தப் பகுதியின் பெண்கள். அவர்களுக்குத் தரப்பட்ட ஊதியமும் சிறிது. இச்செலவால் வருங்காலத்தில் விளையும் வருமானம் செலவைப்போலப் பன்மடங்கு இருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

கருவூலக்காரனாக எனக்கு இதில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. அங்கன்வாடிக்கான செலவு சமூக நலத் துறையின் தலைப்பில் எழுதப்படுவது. அங்கே ஒரு ரூபாய் கூடுதலாகச் செலவிட்டால், பலன் மூன்று ஆண்டுகள் கழித்துப் பள்ளிக் கல்வித் துறையின் முதல் வகுப்பில் தெரியும். எந்தத் துறையின் மானியக் கோரிக்கையிலும் இப்படிப்பட்ட செலவைத் தன்னுடையதாகக் கேட்பதற்கு எளிதில் ஒருவர் கிடைப்பதில்லை. 2019இல் 2,381 அங்கன்வாடி மையங்களில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பட்டபோது, யார் ஊதியம் தருவது, யாரை அனுப்புவது என்ற கேள்விகளிலேயே காலம் கழிந்ததை நாம் பார்த்தோம். எழுத்தறிவின் அடித்தளம் இடப்படுவதோ ஐந்து வயதுக்கு முன்னர்.

இரண்டாவது சான்று, பெருந்தொற்றுக் காலத்தின் கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாடு அரசு தன்னார்வலர்களைக் கொண்டு நடத்திய இல்லம் தேடிக் கல்வி. 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிவைக்கப்பட்டபோது நானும் ஐயத்தோடுதான் பார்த்தேன். ஊரில் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் மாலையில் ஒன்றரை மணி நேரம் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்வதால் என்ன மாறிவிடும் என்று நினைத்தேன். என் எண்ணம் தவறென்று பின்னர் உணர்ந்தேன். தமிழக ஊரகங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்த ஆய்வொன்று, பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் ஏற்பட்ட இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளிகள் திறந்த ஆறே மாதங்களில் மீட்கப்பட்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் கண்டது. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். சுமார் 2 லட்சம் பேர். திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது 200 கோடி ரூபாய். அப்போதைய பள்ளிக் கல்வி ஒதுக்கீட்டில் நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட ஆகாத தொகை. எங்கள் ஊரில் இரண்டு பெண்கள் அந்த மையங்களை நடத்தினார்கள். பிள்ளையின் தாயை "அக்கா" என்று கூப்பிடும் உறவு அவர்களுக்கு இருந்தது. இன்று வராத பிள்ளையை நாளை வீட்டுக்கே போய் அழைத்து வந்தார்கள். ஆயிரம் ரூபாய் அவர்களின் உழைப்புக்குப் போதுமானது என்று நான் சொல்லவே மாட்டேன். நெருக்கடி தணிந்ததும் தன்னார்வலர் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. மூவரில் இருவர் இன்னும் வாசிக்கத் தடுமாறும்போது, நெருக்கடி தணிந்துவிட்டது என்று எதை வைத்து முடிவு செய்கிறோம் என்ற கேள்வி என்னை விடாமல் உறுத்துகிறது.

நேரத்தை வாங்கும் செலவு இருப்பதுபோல நேரத்தைத் தின்னும் செலவும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் பள்ளி மேம்பாட்டுக்கென ஒரு பெரிய நிர்வாகத் திட்டம் நடந்தது. ஒவ்வொரு பள்ளியையும் மதிப்பிட்டு, அதற்கென மேம்பாட்டுத் திட்டம் எழுதி, அலுவலர்கள் வந்து மேற்பார்வையிட்டார்கள். மதிப்பீடுகள் ஒழுங்காக நடந்தன, திட்டங்கள் ஒழுங்காக எழுதப்பட்டன. ஆசிரியர் வருகையோ, கற்பிக்கும் முறையோ, குழந்தைகளின் மதிப்பெண்ணோ மாறவில்லை. தாள்கள் நிரம்பியதையே வெற்றியாகக் கொண்டு அத்திட்டம் மேலும் விரிவாக்கப்பட்டது. எங்கள் பள்ளியிலும், பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் இணையதளத்தில் வருகைப் பதிவு, நலத்திட்டப் பதிவு, கைப்பேசியில் நடக்கும் மதிப்பீடு என்று ஆசிரியையின் காலை நேரத்தில் ஒரு பகுதி போகிறது. தகவல் வேண்டாம் என்று கணக்கரான நான் சொல்லமாட்டேன். இணையம் சுழன்றுகொண்டிருக்கும் இருபது நிமிடத்தில் ஐந்து குழந்தைகள் வாசித்துக் காட்டியிருக்கலாம் என்பதையும் செலவாக எழுத வேண்டும் என்கிறேன். அந்தச் செலவுக்கு எந்தக் கணக்குத் தலைப்பும் இல்லை.

இவற்றையெல்லாம் படிப்பவர், இருக்கும் பணத்தையே சரியாகச் செலவிட்டால் போதும், கூட்டவே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. கல்விக்கு நாட்டின் உற்பத்தியில் 6 விழுக்காடு வேண்டும் என்று 1964 முதல் 1966 வரை இயங்கிய கோத்தாரி ஆணையம் சொன்னது; அந்த இலக்கு இன்றுவரை எட்டப்படவில்லை. ஒன்றிய, மாநில அரசுகள் செலவைப் பகிர்ந்துகொள்ளும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25இல் வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை, பி.எம்.ஸ்ரீ என்னும் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் மாநிலம் கையொப்பமிடவில்லை என்பதற்காக ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. தேசியக் கல்விக் கொள்கை பற்றிய வழக்கை இரு அரசுகளும் எங்கு வேண்டுமானாலும் நடத்தட்டும். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியரின் ஊதியமும், பயிற்சியும், பள்ளி மானியமும் அந்தத் தலைப்பில்தான் இருக்கின்றன. முதல் வகுப்புப் பிள்ளைக்கு அந்த ஓராண்டு திரும்பி வராது. அதேபோல, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி மறு ஆண்டு மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தை நான் வீண் என்று ஒருபோதும் எண்ணியதில்லை. எங்கள் பள்ளியில் காலை ஒன்பது மணிக்கே பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். பசியில் தலைசாய்ந்து கிடந்த முதல் பாடவேளை இப்போது பாடவேளையாக இருக்கிறது. சோறு நேரமாக மாறியது. அந்த நேரத்தில் யார் அவர்களோடு உட்காருகிறார் என்பது அடுத்த கேள்வி.

இனி நான் முதலில் சொன்ன மார்ச் மாதத்துக்கு வருகிறேன். 31 முதல் 100 குழந்தைகள் வரை உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த மானியமாக ஆண்டுக்கு 25,000 ரூபாய் என்பது விதி. எங்கள் 43 குழந்தைகளுக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 600 ரூபாய்கூட வரவில்லை. வேலைநாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு மூன்று ரூபாய்க்கும் குறைவு. அதிலும் ஒரு பங்கு தூய்மைப் பணிக்குக் கட்டாயமாகப் போக வேண்டும். நான் குழுவில் சேர்ந்த ஆண்டில் அதன் பெரும்பகுதி பிப்ரவரியில் வந்து, மார்ச்சுக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்கப்பட்டது. தலைமையாசிரியர் சுண்ணாம்பு அடித்தார், ஒரு பீரோ வாங்கினார், இரண்டும் தேவைதான். ஆனால் ஜூனில் அந்தப் பணம் கையில் இருந்திருந்தால் வாசிப்பு அட்டைகளும் சிறு கதைப்புத்தகங்களும் வாங்கியிருப்பேன் என்றார் அவர். ஒரு ரூபாய் ஜூனில் வந்தால் அது பத்து மாதம் குழந்தையின் கையில் இருக்கும். மார்ச்சில் வந்தால் பீரோவுக்குள் இருக்கும். வரவு செலவுத் திட்ட விவாதங்களில் எத்தனை கோடி என்று கேட்கிறோம். எந்த மாதம் பள்ளியின் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்று கேட்ட சட்டமன்ற உறுப்பினர் ஒருவரையும் நான் அறியேன். சம்பளப் பட்டியலை மாதக் கடைசி நாளில் தவறாமல் நிறைவேற்றத் தெரிந்த அதே நிர்வாகத்தால், பள்ளி மானியத்தை ஜூன் முதல் வாரத்தில் நிறைவேற்ற முடியும். அந்த மேசையில் முப்பத்தோரு ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன். அதற்கு வேண்டியது புதுப் பணம்கூட அன்று, ஓர் ஆணை.

புதுப் பணம் வேண்டிய இடமும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஈராசிரியர் பள்ளிகள் ஒவ்வொன்றிலும், முதலிரண்டு வகுப்புகளுக்கென்று ஊரிலேயே படித்த ஒருவரை அரைநாள் உதவியாளராக, மாதந்தோறும் முறையான ஊதியத்தோடு அமர்த்த வேண்டும். நிரந்தர ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமல் இருப்பதற்கு இது சாக்காகிவிடக் கூடாது. அந்த அச்சத்தை ஆசிரியர் சங்கங்கள் எழுப்பினால் அது நியாயமானதே. அதனால்தான், உபரி ஆசிரியர்களைத் தேவைப்படும் பள்ளிகளுக்கு மாற்றும் பணியிட நிரவலும் காலியிடம் நிரப்புதலும் முதலில், உதவியாளர் அதற்கு மேல் என்று ஆணையிலேயே எழுத வேண்டும் என்கிறேன்.

சென்ற மாதம் முதல் வெள்ளிக்கிழமை நடந்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைத்தோம். இல்லம் தேடிக் கல்வி மையத்தை நடத்திய பெண்களில் ஒருவர், ஊதியம் முடிவாகும்வரை காத்திருக்காமல் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை வந்து அமர ஒப்புக்கொண்டார். அவருக்கு மாதம் 3,000 ரூபாய் தர ஊர்ப் பெரியவர்கள் நால்வர் பொறுப்பேற்றிருக்கிறார்கள். அடுத்த ஏப்ரல் வரைதான் அது தாங்கும். தலைவர் தீர்மானத்தை வாசித்துக் கையொப்பமிட்டார். தலைமையாசிரியர் அதன் நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பினார். இந்த முறை அதில் ஒரு வரியை நான் சேர்க்கச் சொன்னேன்: கோரப்படும் நிதி ஜூன் 10ஆம் தேதிக்குள் பள்ளியின் கணக்கில் சேர வேண்டும்.